நிமிடத்துக்கு எழுபத்திரண்டு

கம்ப்ரஸர் கம்பெனி கொடுத்த காலண்டர்
எண்ணெய்க் கைரேகைகளோடு
மெஷின் அறையில் தொங்குகிறது.
சித்ரா.
பெண் பெயர் இல்லை, பஹ்ரைனில் ஒரு தீவு.
பிரேசில் கோழியும் ஓமான் இறாலும்
உறைந்து கிடக்கும் கிடங்கு.

ஒவ்வொரு மாதத்துக்கும் கீழே பொடி எழுத்தில்
ஜப்பான்காரர்களின் பழைய பெயர்.
போனைக் காட்டினால் அர்த்தம் சொல்கிறது.
துணிமேல் துணி உடுத்தும் மாதம்.
கடிதங்களின் மாதம்.
இரவு நீளும் மாதம்.
பூசாரிகளே ஓட்டமாய் ஓடும் மாதம்.

அதுவரை எனக்கு இரண்டே மாதம்தான்:
சம்பளம் வந்தது, வராதது.

ஷிப்ட் முடிந்து
மேல்கட்டிலில் குப்புறப் படுத்து
பழைய லேப்டாப்பில் தொடங்கினேன்.
நிமிடத்துக்கு எழுபத்திரண்டு தட்டு.
கீழ்க்கட்டிலில் கிரேன் ஓட்டும் சேசுராயன்
நாலு தட்டுக்கு ஒரு குறட்டை,
பிசகாமல்.
அதையே தாளமாய் வைத்துக்கொண்டேன்.

‘லோஃபைன்னா என்னடே?’
கொஞ்சம் அழுக்கான சத்தம், அண்ணே.
தேய்ந்த நாடா மாதிரி, மழைக்குள்ளிருந்து கேட்கிற மாதிரி.
‘அப்ப நம்ம கேம்ப் பூரா அதுதானே ஓடுது’
என்று திரும்பிப் படுத்தார்.

பிப்ரவரி எளிது.
துணிமேல் துணி:
பனியன், சட்டை, ஸ்வெட்டர், கிடங்கின் கனத்த கோட்டு,
ஜிப் ஏறும் நாலு சத்தம்
ஒன்றன்மேல் ஒன்று.

நவம்பர் உறைபனி மாதம்.
ஊரெல்லாம் அப்போதுதான் வேர்வை அடங்கும்.
எனக்குப் பனி வருஷம் முழுக்க உண்டு,
மைனஸ் பதினெட்டில்.
மூன்றாம் எண் அறையில் போனை வைத்துக் கதவடைத்தேன்.
நான்கு நிமிடத்தில் போன் செத்தது.
அந்த டிராக் நான்கு நிமிடம்.

ஆகஸ்ட், இலைகளின் மாதம்.
இதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை.
ரவுண்டானாவில் இருக்கும் மரங்களுக்கு
என் குடும்பத்தைவிட அதிகப் பாதுகாப்பு.
கடைசியில் கீரைக்கட்டை உதறினேன்.

அக்டோபர்தான் படுத்தியது.
தெய்வங்கள் இல்லாத மாதமாம்.
எல்லாச் சாமியும் ஏதோ ஓர் ஊரில் கூட்டத்துக்குப் போய்விட
மற்ற ஊர்களில் கோயில் காலி.
பியானோ வைத்தேன், எடுத்தேன். 
மணி வைத்தேன், எடுத்தேன்.
ஒருநாள் இரவு இரண்டேகாலுக்கு
கரண்ட் போய் ஏசி நின்றது.
அறையில் ஏழு பேரும் ஒரே நொடியில் விழித்தோம்.
யாரும் கூப்பிடவில்லை, எதுவும் விழவில்லை.
இத்தனை வருஷம் உறுமிக்கொண்டிருந்த ஒன்று
இல்லை, அவ்வளவுதான்.
இருட்டில் ஒருவர் இருமினார்,
ஏழு பேரும் இருப்பதைச் சரிபார்ப்பது போல.
அந்த டிராக்கின் இரண்டாம் நிமிடத்தில்
எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன்.
இருமலை மட்டும் விட்டுவைத்தேன்.

ஜூன் இன்னும் முடியவில்லை.
தண்ணீர் இல்லாத மாதம் என்று எழுதுகிறார்கள்.
நடுவிலிருக்கும் ‘ந’ இல்லை என்பதல்ல,
பழைய பேச்சில் ‘உடைய’ என்று பொருள்,
எனவே அது தண்ணீரின் மாதம்தான் என்கிறார்கள் சிலர்.
ஓர் எழுத்தில் குளம் வற்றுகிறது, ஓர் எழுத்தில் நிரம்புகிறது.

டாங்கர் ஓட்டும் ஜாபிரிடம் சொன்னேன்.
சிரிக்கவில்லை.
இங்கேயும் உப்புக்கடலின் தரையில்
நல்ல தண்ணீர் ஊறியதாம்.
முத்துக்குளித்தவர்கள் தோல்பையோடு முங்கி
கடலுக்குள்ளிருந்தே குடிதண்ணீர் எடுத்தார்களாம்.
‘இப்ப நான்தான் ஊத்து’ என்று
குழாயை லாரியில் சுருட்டினார்.

அதனால் குளியலறைக் குழாயைப் பதிவு செய்தேன்.
முதலில் வெறும் காற்று, 
வறண்ட தொண்டையின் கமறல்,
பன்னிரண்டு தட்டு.
பிறகு துப்பித் துப்பி
கொதிக்கக் கொதிக்க ஒரு தாரை.
எங்கே வெட்டுவது, காற்றிலா, நீரிலா?
கேட்டுக் கேட்டுப் பார்க்கையில்
ஹெட்போன் வயர் கழன்றது தெரியவில்லை.

கீழிருந்து கட்டிலை உதைத்தார் சேசுராயன்,
கண் திறக்காமலே:
‘எவம்லே அது, குழாய மூடு.
டாங்கர் நாளைக்குத்தான்.’